கெர்னலும் கோழிமுட்டையும்

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை நட்டநடுவில் நிறுத்தி, அந்த நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று விசாரித்துவிட்டு, நிறுத்தியதே அதற்குத் தெரியாதபடி மறுபடி ஓட விடுவதுதான் என் தொழில்.

கம்ப்யூட்டரோ போனோ, உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். மற்ற மென்பொருளில் கோளாறு வந்தால் அதை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். கெர்னலை நிறுத்தினால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். அப்படி நிறுத்திப் பார்க்கிற கருவிதான் டீபக்கர். பெங்களூரில் பதினைந்து வருஷம் இதைச் செய்துவிட்டு, போதும் என்று திண்டுக்கல்லுக்கே வந்து, நாகல் நகரில் ஒரு மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். சூட்டையும் ஈரத்தையும் கவனித்துக்கொள்ளும் பெட்டிகளைச் செய்கிறோம். வாழைத்தார் பழுக்கிற அறை, காளான் கொட்டகை, கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம் என்று சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊரில் எங்கள் பெட்டி இருக்கிறது. என்னைப் போலக் கறுப்புத் திரையைப் பார்த்தே கண் பூத்துப்போன சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், சிரிப்பதோடு நிறுத்தாமல் கொஞ்சம் பரிதாபமும் படுங்கள்.

மூன்று சிப்பு, மூன்று குணம்

நாங்கள் பெட்டி செய்ய ஆரம்பித்தபோது இன்டெல் வகைச் சிப்பு கிடைத்தது. அடுத்த வருஷம் அது கிடைக்காமல் ஏஆர்எம் வகைக்கு மாறினோம். அதற்கும் அடுத்து ரிஸ்க்-ஃபைவ் என்று ஒன்று வந்தது. வாங்குகிறவருக்கு வெளியே எல்லாம் ஒரே நீலப் பெட்டிதான். உள்ளே நிறுத்திப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும் கொடுமை. ஒன்றில் நாலு இடத்தில் 'இங்கே நில்' என்று கொடி நடலாம், இன்னொன்றில் ஆறு, மூன்றாவதில் இரண்டே இரண்டு. ஒன்று சொன்ன இடத்தில் நிற்கும், இன்னொன்று ஒரு அடி தாண்டி நின்றுகொண்டு அப்பாவியாக முழிக்கும்.

எட்டு மாசம் உட்கார்ந்து மூன்றுக்கும் பொதுவாக ஓர் இடைமுகம் எழுதினேன். எந்தச் சிப்பாக இருந்தாலும் ஒரே கட்டளை, ஒரே பதில். முடித்த அன்று எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. முதலில் கூப்பிட்டுக் காட்டியது சிக்கந்தரிடம். எங்கள் பெட்டிகளுக்கு உள்ளே இருக்கிற போர்டுகளைச் செய்கிற பேகம்பூர்க்காரர். எட்டு மாச உழைப்பைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மூணு பெட்டியும் ஒரே மாதிரி நிக்குங்குற, சரி. ஒரே மாதிரி ஓடுமா?"

வத்தலக்குண்டில் நின்ற வாழைத்தார்

வத்தலக்குண்டில் ஒரு வாழைத்தார் வியாபாரி. பழுக்கிற அறையில் காற்றாடி சில நேரம் தாமதமாகச் சுற்றுகிறது என்று கூப்பிட்டார். போய் லேப்டாப்பைச் செருகி, கெர்னலை நிறுத்தி, உள்ளே நோண்ட ஆரம்பித்தேன். நல்ல சுவாரசியமான கோளாறு. எவ்வளவு நேரம் போனது என்று கவனிக்கவில்லை. கெர்னல் நின்றால் காற்றாடியும் நிற்கும், கதவு மேல் அதே பெட்டி ஓட்டுகிற கடிகாரமும் நிற்கும். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, 'இன்னும் பத்தே கால்தானே' என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வியாபாரி உள்ளே வந்தபோது அறை வெந்துகொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்து யோசனையில் இருந்தேன். அவர் தார்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ யோசிக்கிறதுன்னா யோசி. நீ யோசிக்கிற வரைக்கும் என் மிஷினும் கூடச் சேந்து யோசிக்கணுமா?"

நான் போனால் ஓடும்

இனி சொல்லப்போவது பாலசமுத்திரத்து தங்கமணி அக்கா கதை. அக்கா நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறவர். எங்கள் புதுப் பெட்டியை, அதாவது மூன்றாவது சிப்பு போட்டதை, முதலில் நம்பி வாங்கியவரும் அவர்தான். மூவாயிரம் முட்டை. இருபத்தொரு நாள். முப்பத்தேழரை டிகிரி சூட்டில் கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருக்கிற உயிர் போய்விடும்.

பெட்டி நாலைந்து நாளைக்கு ஒரு தடவை நின்றது. ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கையில் நின்றால் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அக்காவிடம் வேலை பார்க்கும் பழனிச்சாமி அதைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டுவார், உடனே ஓடும். எனக்குப் போன் வரும். பழனி பஸ் பிடித்துப் போய், பக்கத்தில் ஆணியில் தொங்கும் கேபிளை எடுத்து லேப்டாப்பில் செருகிப் பார்ப்பேன். எங்கள் எல்லாப் பெட்டியிலும் இந்த கேபிளை நான் மாட்டியே வைத்துவிடுவேன், ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்க வேண்டாம் பாருங்கள். செருகினால் ஒன்றும் இருக்காது. பிளக்கைப் பிடுங்கிய நொடியில் சாட்சியெல்லாம் அழிந்திருக்கும், பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இதே கூத்து. மூன்றாவது தடவை பழனிச்சாமி டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க வந்தா நெம்ப ஒழுக்கமா ஓடுதுங்க. பேசாம நீங்க இங்கயே தங்கிருங்க, பெட்டிய வேணா திண்டுக்கல்லுக்கு அனுப்பிரலாமுங்க."

யார் தப்பு

ஆபீசில் எனக்கும் சிக்கந்தருக்கும் சண்டை. போர்டில் எங்கேயோ பற்றவைத்தது சரியில்லை என்று நான். என் கெர்னல் வேலையில்தான் ஓட்டை என்று அவர். அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். நிற்கவே இல்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினோம், நிற்கவில்லை. அவர் குட்டிச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், ஊகூம். நான் எழுதிய ப்ரோகிராம் முழுக்க வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க என் மேலேயே எனக்கு மதிப்பு கூடியதே தவிர, கோளாறு கிடைக்கவில்லை.

கடைசியில் "உங்க சால்டரிங்தான் பாய், வேற வழியே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மனிதருக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"என் தப்புன்னா விரல வச்சு இந்தா இங்கதான்னு காட்டு, ஒத்துக்கிறேன். உன் தப்புன்னா அது எங்க இருக்குன்னு உனக்கே தெரியாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பிடுங்காதீர்கள்

நான்காவது தடவை பெட்டி நின்றபோது பதினொன்றாம் நாள் முட்டைகள் உள்ளே இருந்தன. பழனிச்சாமி சந்தைக்குப் போயிருந்ததால் கவனிக்க நேரமாகிவிட்டது. ஒரு வரிசை முட்டைகள் சூடு தாங்காமல் போய்விட்டன. அக்கா போனில் கூப்பிட்டார். இந்த பேட்ச் பொரிக்கிற வரைக்கும் பார்ப்பதாகவும், இன்னொரு தடவை கெட்டுப்போனால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போது நான் கேட்டது எந்த நியாயத்திலும் சேராது. "அக்கா, அடுத்து நின்னா பிளக்கப் பிடுங்காதீங்க. நிக்கிறபடியே இருக்கட்டும். நான் வார வரைக்கும் கை சுவிட்ச்சுல ஓட்டுங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஹீட்டரைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். கண் அசந்தால் மூவாயிரம் முட்டையும் போச்சு. அக்கா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்:

"சரி அம்மணி, பிடுங்கல. ஆனா நீ பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு காலியாகட்டும்னு நிக்காம, வந்த வண்டில ஏறி வா."

பெட்டி சொன்னது

பதினாறாம் நாள் மத்தியானம் போன் வந்தது. சிக்கந்தர் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டுப் பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொள்ள, ஒட்டன்சத்திரம் வழியாகப் பறந்தோம். போய்ப் பார்த்தால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கை சுவிட்ச் மேல், கண் தெர்மாமீட்டர் மேல் என்று இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரமாக அப்படியே இருக்கிறாராம்.

கேபிளைச் செருகி எண்டரைத் தட்டினேன். திரையில் என்னுடைய டீபக்கர் வந்து நின்றது. கெர்னல் செத்துப்போகவில்லை. 'நிற்கச் சொன்னீர்கள், நின்றேன், அடுத்த கட்டளை என்ன?' என்று காத்துக்கொண்டிருந்தது. யார் நிற்கச் சொன்னது என்று தேடினேன். கேபிள் வழியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேபிளின் மறுமுனையிலோ யாரும் இல்லை, அது ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆணியைப் பார்த்தேன். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றுகிற பெரிய சுவிட்ச்சுக்கு அரையடி பக்கத்தில் அடித்திருந்தது. பெட்டி இன்வெர்ட்டரில் இருப்பதால் அப்போது அணையாது, ஆனால் சுவிட்ச்சை மாற்றும்போது வெட்டுகிற மின்சாரத்தில் சில நாள் கேபிளில் ஒரு துடிப்பு வந்திருக்கிறது. கேபிளில் எந்தத் துடிப்பு வந்தாலும் நின்றுவிடு என்று பொது இடைமுகத்தில் எழுதியது நான். பழைய போர்டின் தடித்த சாக்கெட் இதையெல்லாம் சட்டை செய்யாது. புதுப் போர்டில் இருப்பது வெறும் மூன்று கம்பி. பெட்டி அசையாமல் நின்றால் தானே மறுபடி ஓட வைக்கிற காவல் டைமர் ஒன்று உண்டு. நான் நிதானமாக விசாரிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் அணைத்து வைத்தவள் நானே. மேஜையில் ஏன் நிற்கவில்லை என்றால், மேஜையில் ஜெனரேட்டர் இல்லை, அவ்வளவுதான்.

'go' என்று தட்டினேன். டக்கென்று சத்தம் வந்தது, ஹீட்டர் தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்தது. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பழனிச்சாமி கேட்டார்:

"ஏனுங்க, இந்த ரெண்டு எழுத்தத் தட்டறதுக்குத்தானுங்களா இத்தன நாளா பஸ்ஸுல வந்தீங்க?"

பழி போட ஆள் தேடியது

வெளியே வேப்பமரத்தடியில் நானும் சிக்கந்தரும் நின்றோம். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஒரு வாரம் அவர் சால்டரிங்கைத் திட்டியவள் நான். அவர் நினைத்திருந்தால் வட்டியும் முதலுமாகத் திருப்பித் தந்திருக்கலாம். மாறாக, எனக்குத் தப்பிக்கிற வழியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஜெனரேட்டர் சுவிட்ச் கோளாறு என்று சொன்னால் முழுப்பொய்யும் இல்லை. அக்காவுக்கு கெர்னல் தெரியவா போகிறது? கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டால் விஷயம் முடிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. அக்கா கையைவிட்டுப் போனால் கம்பெனி தாங்காது, நான் மறுபடி பெங்களூர் போய் யாரிடமாவது வேலை கேட்க வேண்டும். ஆனால் உள்ளே அந்த ஸ்டூல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே கிளம்பியதைப் பார்த்துச் சிக்கந்தர் சொன்னது:

"சொல்லப் போறேன்னா ஒரு வரில சொல்லிட்டு வா. மூணு சிப்பு கதையெல்லாம் ஆரம்பிக்காத, அதக் கேக்குறதுக்கு முட்ட கெட்டதே மேலுன்னு ஆயிரும்."

பொரித்த அன்று

ஒரு வரியில்தான் சொன்னேன். "பெட்டி கெட்டுப்போகலக்கா, நான் வச்சிட்டுப் போன கேபிள்தான் நிறுத்துச்சு. செத்த முட்டைக்கு நான்தான் காரணம்." அக்கா கேபிளை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொரிக்கிற அன்றைக்கு வரச் சொன்னார். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகத்தான் வரச் சொல்கிறார் என்று ஸ்க்ரூடிரைவரைக் கூடப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே நுழைந்தபோது கீச்சுச் சத்தத்தில் பேசவே முடியவில்லை. தட்டுத் தட்டாக மஞ்சளும் கறுப்புமாக ஈரம் காயாத குஞ்சுகள். ஓரமாக ஒரு தட்டில் பொரிக்காத முட்டைகளும் இருந்தன. அக்கா அதை மறைக்கவில்லை, நானும் வேறு பக்கம் பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அக்கா ஒரு குஞ்சைத் திருப்பி அதன் காலைப் பார்த்துக்கொண்டே, வேறு எத்தனை ஊரில் கேபிள் தொங்குகிறது என்று கேட்டார். பதினொன்று என்றேன். அங்கேயெல்லாம் நிற்கவில்லையா என்றார். இன்னும் நிற்கவில்லை என்றேன். குஞ்சைத் தட்டில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். ஆனா அந்தப் பதினோரு பேருத்துகிட்டயும் நேர்ல போயி, எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லிட்டு வா அம்மணி. போன்ல சொன்னா அது மன்னிப்புக் கேக்கறது இல்ல, தகவல் சொல்றது."

பதினோரு ஊருக்கும் போய், பதினோரு கேபிளையும் கழற்றி, பதினோரு தடவை நின்ற நிலையில் திட்டு வாங்கி முடித்தபோது, மூன்று சிப்புக்கும் பொதுவாக எட்டு மாசம் எழுதியதைவிட இந்தத் தொழிலில் எனக்கு நன்றாக வருவது மன்னிப்புக் கேட்பதுதான் என்று தெரிந்துகொண்டேன்.