பட்டியலில் தப்பிய மாமியார்

நூலகத்தில் எல்லோரும் அவரைக் கணினிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். எதையும் கையோடு முடித்துவிட வேண்டும் அவருக்கு. வாயில் கடைசிக் கவளம் இருக்கும்போதே தட்டைக் கழுவ எழுந்துவிடுகிற மனுஷன் என்று மனைவி அலுத்துக்கொள்வார்.

உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி, இறந்துபோன ஒருவர் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. இன்னொன்று அப்படிப் போனால் கணினிக்காரர் நாற்காலியில் வேறு ஆள் இருப்பார் என்று நூலகர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

கணினிக்காரர் பத்தே வரியில் ஒரு நிரல் எழுதினார். பட்டியலில் முதல் இடத்திலிருந்து ஒவ்வொரு இடமாகப் போக வேண்டியது. இறந்தவர் பெயர் வந்தால் அங்கேயே நீக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டியது. ஒரே ஒரு பெயரை வைத்துச் சோதித்தார். சுத்தமாகப் போயிற்று. திங்கட்கிழமை கடிதங்களை அனுப்பினார்.

புதன்கிழமை நூலகர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் வீட்டுக்கே வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் காலமான மாமியார் பெயரில்.

"மாமனாரைச் சரியா எடுத்துட்டீங்க. மாமியாரை மட்டும் நேர்ல வரச் சொல்லியிருக்கீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. கணினிக்காரர் அவசரமாகத் திரைப்பக்கம் திரும்பினார். நிரலை வரிவரியாகத் துழாவினார். குற்றம் எதுவும் தெரியவில்லை. பட்டியலைத் திறந்ததும்தான் உறைத்தது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்த இடம்.

வாயால் விளக்க வராமல், ஐந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நூலகரை நாலாவதில் உட்காரச் சொன்னார்.

"மூணாவதுல உக்காந்திருந்தவரை எழுப்பி அனுப்பிட்டேன்னு வைங்க. பட்டியல்ல காலி இடம் நிக்காது மேடம், நீங்க மூணாவதுக்கு நகரணும்." நூலகர் நகர்ந்தார். "அதுக்குள்ள நான் நாலாவதுக்குப் போயிட்டேன். உங்களைப் பாக்கவே இல்ல."

"அதாவது, மாமனார் போனதும் மாமியார் அவர் இடத்துல உக்காந்துட்டாங்க."

"ஆமாங்க மேடம்."

"வீட்லயும் அப்படித்தான் நடந்துச்சு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கணினிக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதினார். முதலில் எதையும் தொடாமல் கடைசி வரை போய், நீக்க வேண்டிய பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்வது, நீக்குவதெல்லாம் அப்புறம். தப்பித்திருந்த ஒன்பது பேர் மாட்டினார்கள். அந்த ஒன்பது வீடுகளுக்கும் மன்னிப்புக் கடிதம் தயார் செய்து நீட்டினார். நூலகர் ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்திட்டார்.

"நாளைக்கு நான் வரலாமா மேடம்?"

"வாங்க. இப்ப என்கூட எங்க வீட்டுக்கும் வாங்க. அவரோட அம்மா பேர்ல லெட்டர் வந்ததுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் யாரோடயும் பேசல. நாற்காலி நம்ம வீட்லயே இருக்கு, நீங்களே போட்டுக் காட்டிருங்க."