பனிமலையில் ஓர் ஊருணி

என் வீட்டுக்காரர் எழுதும் கடிதங்களைப் படித்தால் அவர் பட்டாளத்தில் இருக்கிறாரா, பக்கத்து ஊர் பஞ்சாயத்து ஆபீசில் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. "நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் சற்று அதிகம். அம்மாவைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். சீனச் சண்டை ஓய்ந்த மறு வருடம் அது. வடக்கே ஏதோ ஒரு பனிமலையில் அவருக்குக் காவல் வேலை. இடத்தின் பெயரை எழுதக் கூடாதாம், சரி. அது எப்படி இருக்கும் என்றாவது எழுதலாம் இல்லையா? ஆவூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எனக்குப் பனி எப்படித் தெரியும்? அவர் நிற்கும் இடத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் எழுதாத வெள்ளைத்தாள்தான் மனசுக்குள் வரும். எனக்கு அது தாங்கவில்லை.

அந்த டிசம்பரில் என் கொழுந்தனார் வழக்கம்போலக் கிறிஸ்துமஸ் குடில் கட்ட உட்கார்ந்தார். குடில் கட்டுவதில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய சாக்கைக் களிமண் குழம்பில் தோய்த்துச் செங்கல் அடுக்கின்மேல் போர்த்திக் காயவிடுவார். மறுநாள் பார்த்தால் நிஜமான மலை கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த மலையைக் காட்டிக் கேட்டேன்.

"தம்பி, மலைக்குப் பின்பக்கம் சும்மாதானே கிடக்கு? அதை எனக்குக் குடுங்க. ஒங்க அண்ணன் இருக்குற முகாமை அங்கிட்டுக் கட்டப் போறேன்."

"பெத்லகேமுக்குப் பின்னால பட்டாளமா? பங்குச் சாமியார் பார்த்தா என்ன சொல்வாரு மதினி?"

"ஏன், பெத்லகேமை ஆண்ட ஏரோது ராசாகிட்ட பட்டாளம் இல்லையா?"

கொழுந்தனார் சிரித்துவிட்டார். குடிலைச் சுவரோடு ஒட்டாமல் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டோம். முன்பக்கம் குழந்தை இயேசு, பின்பக்கம் இந்திய எல்லை. மேலே சிறகு விரித்துத் தொங்கிய சம்மனசு ஒருவரே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற டீச்சர் நான். செய்தால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு உண்டு. செய்தித்தாளில் வந்த ஒரே ஒரு படத்தைக் கத்தரித்து முன்னால் ஒட்டி வைத்துக்கொண்டேன். அவருடைய கிழிந்த காக்கிச் சட்டையை வெட்டிக் கூடாரம் தைத்தேன். துப்பாக்கிக்கு ஈர்க்குச்சி, பீரங்கிக்கு ஒடிந்த குடைக்கம்பி, முள்வேலிக்குச் செம்புக் கம்பி. கட்டைவிரல் உயரத்தில் களிமண் சிப்பாய்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, மீசையோடு. பனிக்கு இலவம்பஞ்சு. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கொழுந்தனார் கை அரித்து அதன்மேல் நாலு ஆடுகளை மேய விட்டிருந்தார். "ஆடு இல்லாம என்ன மலை மதினி?" என்றார். ஆடுகளைப் பெத்லகேமுக்குத் திருப்பி அனுப்பினேன்.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறையாக இருந்தது. இருவரும் நின்று பார்த்தோம். ஒரே நேரத்தில் உறைத்தது: இத்தனை பேருக்குக் குடிதண்ணீர்? எங்கள் சீமையில் பெண் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்குமுன் ஊர் குடிக்கும் ஊருணியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அவர் விட்டுப்போயிருந்த ஷேவிங் கண்ணாடியை எடுத்துப் பஞ்சுக்கு நடுவே பதித்து, சுற்றிக் கரை கட்டி, படித்துறையும் வைத்தோம். குடிக்கிற ஊருணியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், கரையிலும் செருப்போடு ஏற மாட்டார்கள். அதனால் ஒரு சிப்பாயை வெறுங்காலோடு படியில் குனிய வைத்து, அவன் பூட்ஸைக் கரைக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் அவர் லீவில் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். சாயங்காலம் குடிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மறக்க வந்த இடத்தில் மறுபடி நினைவுபடுத்திவிட்டேனோ என்று பயந்தேன்.

"இவன் எதுக்குடி பூட்ஸைக் கழட்டியிருக்கான்?"

"ஊருணியில தண்ணி எடுக்கிறாருங்க."

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பனியில வெறுங்காலோட நின்னா விரல் அழுகி விழுந்துரும்! அங்க ஏது ஊருணி? பனியை அள்ளித் தகரத்துல போட்டு உருக்கித்தான் குடிக்கணும்."

அப்புறம் அவர் வாய் ஓயவில்லை. கூடாரம் அங்கே நின்றால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பள்ளத்துக்கு மாற்றினார். கருங்கல் சில்லுகளை அடுக்கி மறைப்புச் சுவர் எழுப்பினார். நிமிர்ந்து நின்ற என் வீரர்களின் நெஞ்சையெல்லாம் நனைத்து அமுக்கிவிட்டு, கந்தல் துணியைச் சுற்றி மூட்டைகளைப் போல உட்கார வைத்தார். "அங்க யாரும் நிமிர்ந்து நிக்கிறதில்ல." இரண்டு வருடக் கடிதங்களில் வராத பேச்சு, களிமண்ணைத் தொட்டதும் வந்தது. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், அந்தக் களிமண்மேல் பொறாமை ஒரு பக்கம்.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். முகாமைச் சுற்றி உள்ள பனியில் எல்லோரும் நடந்து மிதித்துவிடுவதால், உருக்கினால் கலங்கல் தண்ணீர்தான் கிடைக்குமாம். பாதிப் பேருக்கு எப்போதும் வயிற்றுப்போக்காம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிற தண்ணியில எவனாவது பூட்ஸோட நடப்பானா? ஊருணிக்குக் காவல்காரன் போடுற ஊர்ல பொறந்துட்டு இதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? ஒரு இடத்தைச் சுத்திக் கரை கட்டி ஆளைப் போட வேண்டியதுதானே?"

அவர் ஊருணிக் கரையை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். நான் அசல் முகாம் அசலாகவே இருக்கட்டும் என்று ஊருணியைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்து அவர் பெட்டியில் வைத்தேன். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைத்தோம். லீவு முடிந்து அவர் கிளம்பினார். பஸ் போன பிறகு அழுதேன். ஆனால் இந்த முறை எந்தச் சுவருக்குப் பின்னால் போய் உட்காரப் போகிறார் என்று தெரிந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கே தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். நாலு பக்கம்! முகாமுக்கு மேலே ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கல் அடுக்கிக் கரை கட்டியாயிற்றாம். அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, கரையிலிருந்தே குனிந்துதான் பனி அள்ள வேண்டும். முறை வைத்துக் காவல். வயிற்றுப்போக்கு நின்றதாம். "பஞ்சாபிக்காரன், நேபாளத்தான், மலையாளத்தான் எல்லாருக்கும் அந்த இடத்துக்கு ஊருணி என்றுதான் பேர். தகரத்தைத் தூக்கிக்கொண்டு, ஊருணி ஊருணி என்று கத்திக்கொண்டு போகிறார்கள். கட்டச் சொன்னது யார் என்று கேட்டார்கள், சொன்னேன். பூட்ஸோடுதான் நிற்கிறோம், பயப்படாதே."

மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். குடில் சாமான் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்கடியில் கிடந்த அந்த வெறுங்கால் சிப்பாயைத் தேடி எடுத்தேன். கழற்றி வைத்த பழைய பூட்ஸ் எங்கோ தொலைந்திருந்தது; களிமண் குழைத்து அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் செய்து மாட்டினேன்.