காலி அறையைத் தட்டியவர்

மூன்று தட்டு. விரல் மூட்டினால், அவசரமில்லாமல். பிறகு கொஞ்சம் காத்திருப்பு. உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், பினாங்கிலிருந்து வந்த அந்தச் சீன நண்பர் எங்கள் இருட்டறைக் கதவை அப்படித்தான் திறப்பார்.

எழுபதுகளில், சிட்னியின் மேற்கே ஒரு கொதிகலன் தொழிற்சாலையில், பற்றவைத்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பது எங்கள் வேலை. படங்களை அந்த இருட்டறையில் அவர் கழுவுவார். நான் பார்த்துக் கையெழுத்திடுவேன். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். "வீட்டில குசினிக் கதவையும் தட்டிப்போட்டுத்தான் சோறு கேக்கிறனீரோ?" என்று கேலி செய்வேன். "சிரிங்க அண்ணே. உள்ள ஆளு இருக்கு" என்பார்.

கதவில் ஓர் எழுத்தை ஒட்டியிருந்தார்: 欺. பன்னிரண்டு கோடுகள், எண்ணியிருக்கிறேன். ஏமாற்றுதல் என்று பொருள். வலப்பாதி, வாய் பிளந்து நிற்கும் மனிதன். பழைய சீன நூல்களில் அதையடுத்து, ஏமாற்றப்படுவது யார் என்று வருமாம்: அரசன், வானம், தன் நெஞ்சு. சில இடங்களில் இருட்டறை. அறையை எப்படி ஏமாற்றுவது என்று கேட்டேன். "யாரும் பாக்கலன்னு ஒண்ணு செய்வோமே, அதான்."

ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாம் இணைப்பில் விரிசல் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகவேண்டிய கொதிகலன். அதைச் சுற்றி இருபத்திரண்டு பேர் வேலை செய்வார்கள். திருத்த நேரமில்லை என்ற ஃபோர்மன், வேறொரு நல்ல இணைப்பை ஏழு என்று எண்ணிட்டுப் படமெடுத்து, கழுவச் சொல்லி நண்பரிடம் கொடுத்தான். விரிசல் தெரிந்த படத்தை ஒழித்துவிட வேண்டும். மறுத்தால் திங்கட்கிழமை வேலை இல்லை. அவருக்கு மூன்று குழந்தைகள்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனார். தட்டினார். நான் வெளியே நின்றேன். உள்ளே தாழ்ந்த குரலில் சீனத்தில் ஏதோ பேசினார், நிறுத்தினார், பதில் கேட்டவர்போல மறுபடி பேசினார். வெளியே வந்தபோது புதிய படம் முழுக்கக் கறுத்திருந்தது, வெளிச்சம் பட்டதுபோல. ஆனால் அதுவரை கதவு திறக்கவே இல்லை. மற்றக் கையில் விரிசல் படம் பத்திரமாக இருந்தது.

"உள்ள இருக்கறவர் ஒத்துக்கல, அண்ணே."

விரிசல் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கொதிகலன் வெளியே போகாமல் நின்றது. திங்கட்கிழமை நண்பர் வரவில்லை. கதவில் அந்த எழுத்து மட்டும் இருந்தது.

இப்போது சிட்னிப் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் தனியாக இருக்கிறேன். பாழாய்ப்போன மாத்திரைகள், நாளுக்கு ஒன்பது. வயிற்றைப் புரட்டுகின்றன. நேற்றுப் பகல் மகள் தொலைபேசியில், "அப்பா, எல்லாம் போட்டனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஒன்பதையும் கொட்டிவிடக் கையில் பொத்திக்கொண்டு குளியலறைக்குப் போனேன். நண்பரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் கதவைத் தட்டினேன்.

மூன்று முறைதான் தட்டினேன். நான்கு கேட்டது.