பிரமிளாவுக்காக வந்த மஞ்சள் பஸ்

ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே இருக்கும் அந்தக் காலனிக்குள் 2011 வரை எந்தப் பஸ்ஸும் வந்ததில்லை. ஊர்த்தெருவோடு திரும்பிவிடும். அங்கிருந்து மாந்தோப்பு வழியாக நடக்க வேண்டும். அந்த நடைக்குப் பயந்தே பத்தாவது முடித்த பெண்களை மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஃபேக்டரி வேன் வாசலுக்கே வரும்.

கூலிக்காரர் வெங்கடசாமியின் மகள் பிரமிளாதான் முதலில் நடந்தாள். தமிழ் மீடியத்தில் பத்தாவது, தெலுங்குப் பிள்ளைகளுக்கு நடுவே இன்டர் என்கிற பிளஸ் டூ, கடைசியில் எம்செட் நுழைவுத்தேர்வில் அந்தப் பக்கம் யாரும் வாங்காத ராங்க். திருப்பதி யுனிவர்சிட்டி காலேஜில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஒரு ஆசைக்குத் தன் தூக்கத்தையெல்லாம் கொடுத்திருந்தாள்.

ராங்க் வந்த வாரமே நாகபூஷணம் வந்தார். புத்தூர்ப் பக்கம் புதிதாக முளைத்த ஒரு தனியார் இன்ஜினீயரிங் காலேஜின் பி.ஆர்.ஓ. ஃபீஸை அரசாங்கம் கட்டும் என்று ஆன பிறகு, காலேஜ்கள் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு வரும் காலம் அது. நல்ல ராங்க் என்றால் பிளெக்ஸ் பேனரில் படமும் போடலாம். லேப்டாப் தருவதாகச் சொன்னார். வெங்கடசாமி தலையாட்டவில்லை. ஸ்கூட்டி என்றார். அதற்கும் இல்லை. கிளம்பும்போது, பாப்பா சேர்ந்தால் காலேஜ் பஸ் காலனிக்குள்ளேயே வரும் என்றார். பிரமிளாவின் அம்மா செல்லியம்மா உள்ளே போய் அவருக்கு டீ போட்டாள்.

பஸ் திரும்ப இடம் வேண்டுமென்று காலனியே கூடி முட்செடிகளை வெட்டியது. வெங்கடசாமி தன் வீட்டுத் தகரக் கூரையில் ஒரு முழம் அறுத்தார். அறுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பஸ் வெள்ளோட்டம் வந்தது. பக்கத்து வீட்டு ருக்மணி முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அவள் மகள் பிரியங்கா, பிரமிளாவின் துணையோடு நடந்து இன்டர் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தால் அடுத்த வருஷம் காலேஜ், வராவிட்டால் கூழ் ஃபேக்டரி என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பஸ் போன பிறகு பிரியங்கா வந்து பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரமிளாவால் தாங்கியிருக்க முடியும்.

கவுன்சிலிங்குக்கு அப்பாவும் மகளும் திருப்பதி போனார்கள். எந்தக் காலேஜ் முதலில் வேண்டும், எது அடுத்தது என்று கம்ப்யூட்டரில் வரிசையாக அடிக்க வேண்டும். பிரமிளாவின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது.

"உனுக்கு எது ஓணும்?" என்றார் வெங்கடசாமி.

"திர்பதி, நைனா."

"அத்தயே போடு." பிறகு சொன்னார்: "புத்தூர ரெண்டாவதா போடு. திரும்பிப் போயி காலனி சனங்க மூஞ்சில முழிக்கணுமில்ல."

அவள் ராங்க்குக்கு முதலில் போட்டதே கிடைத்துவிடும். இரண்டாவது வரை போகவே போகாது. அவருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும். போட்டாள்.

புத்தூரும் போட்டிருக்கிறோம் என்று வெங்கடசாமி காலனியில் சொன்னார். பொய் இல்லை. சுத்தமான தெருவோடு காலனி காத்திருந்தது. திருப்பதியில் சீட் வந்தது. நாகபூஷணம் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. குழாயடியில் செல்லியம்மாவோடு பேச ஆளில்லை.

பிரமிளா பெட்டி கட்டும்போது ருக்மணி வாசலில் வந்து நின்றாள். பின்னால் பிரியங்கா.

"புத்தூரும் போட்டம்னு உங்க நைனா சொல்லிக்கினு இருந்தாரே."

"போட்டேன் அத்தே. ரெண்டாவதா. வராதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நைனாவுக்குத் தெரியாது."

செல்லியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்கடசாமி மகளைப் பார்த்தார், பிறகு தரையை. ருக்மணி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஆஸ்டல்ல இரும்பு கேட்டு இருக்குதா?"

"இருக்குது அத்தே."

"பூட்டுவாங்களா?"

"இருட்டறதுக்குள்ள பூட்டிடுவாங்க."

"வாச்மேனு?"

"ரெண்டு பேரு."

ருக்மணி மாந்தோப்புப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பார்த்துக்கினு நிக்கிற? அக்கா பொஸ்தகமெல்லாம் கேட்டு வாங்கிக்கோ."