நாற்பதில் ஒன்று குறைந்த கதை

பல்கலைக்கழகத்தின் அச்சுக்கூடத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நாற்காலி போட்டிருக்கிறார்கள்; உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. "உங்கம்மா தூக்கத்துலயும் நடப்பா" என்று புருஷன் மகளிடம் சொல்வதில் பாதி உண்மை.

வருஷத்துக்கு ஒரு ஓவியர் செப்புத் தகட்டில் படம் கீறித் தருவார். பம்பரம் அதில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை விரித்து உருளையில் ஓட்டி, நாற்பது படம் எடுப்பாள். ஓவியர் எண் போட்டுக் கையெழுத்திட்டதும் படங்கள் விற்பனைக்குப் போகும். வரும் பணம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு. நாற்பதுக்கு முன்னால் ஒரு மாதிரித் தாள் உண்டு. ஓவியர் அதன் ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று எழுதுவார். அந்தத் தாள் மட்டும் அச்சடித்தவளுக்குச் சொந்தம்.

இந்த வருஷத்து ஓவியரம்மா 'சரி'யோடு நிறுத்தவில்லை. 'இதேபோல் நாற்பது வரட்டும். பம்பரத்தின் கைக்கு என் வணக்கம்' என்று எழுதிவிட்டார். அவள் பெயர் ஒரு படத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. அன்றே ஓடிப்போய்ச் சட்டமும் கண்ணாடியும் வாங்கி வந்தாள்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாயிற்று. ஓட்டிய ஒவ்வொரு தாளுக்கும் சுவரில் ஒரு கோடு போடுவது வழக்கம். மாதிரித் தாளுக்கும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டாள். படங்கள் முடிந்தால் இனி யாரும் எடுக்கக்கூடாதென்று தகட்டின் குறுக்கே கீறிவிட வேண்டும். கையெழுத்து முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. இவளுக்குத்தான் பொறுமை கிடையாதே, அன்று மாலையே கீறிப்போட்டாள்.

மறுநாள் கையெழுத்துப் போட உட்கார்ந்த ஓவியரம்மா, "முப்பத்தொன்பதுதானே இருக்கு?" என்றார்.

பம்பரம் சுவர்க் கோடுகளை எண்ணிப் பார்த்தாள்; மாதிரித் தாளின் கோட்டையும் சேர்த்துத்தான் நாற்பது. ஆபீஸ் குமாஸ்தாவிடம் ஓடினாள். "ஒன்னு குறைஞ்சா என்னப்பா ஆகும்?"

"நாப்பதும் வித்தாத்தான், அக்கா, மூணாவது பிள்ளைக்குப் படிப்புப் பணம். இல்லேன்னா ரெண்டோட சரி."

யார் பெற்ற பிள்ளையோ! அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். தன் மாதிரித் தாளைக் கொடுத்தால் நாற்பதாகிவிடும். அச்சில் ஒரு தாள் கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னாலும் முடிந்தது, யார் கேட்கப்போகிறார்கள்? வீட்டில் கண்ணாடிச் சட்டம் வேறு காத்திருக்கிறது. போயும் போயும் இந்த வருஷமா கணக்குத் தப்ப வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓவியரம்மா வாசலுக்கு வந்தார். "உன்னோடதுல நம்பர் போட்டுத் தரலாம். ஆனா அதைக் குடுன்னு என் வாயால கேக்க மாட்டேன்மா."

"நீங்க கேக்கவே வேண்டாம்மா. போடுங்க" என்று தாளை நீட்டினாள்.

விற்பனை நாளில் முப்பத்தொன்பதும் போயின. கடைசிப் படத்தை ஒரு டாக்டர் கையில் எடுத்தார். "படம் பிரமாதம். ஓரத்துல இந்தக் கிறுக்கல் எதுக்கு? அழிச்சுத் தரமுடிஞ்சா எடுத்துக்கறேன்."

ஓவியரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் பம்பரம் முந்திக்கொண்டாள். "குடுங்க சார். ரெண்டு நிமிஷம்."

அவளுக்குத்தான் தெரியும், தாள் நோகாமல் பென்சிலை எப்படி எடுப்பதென்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெத்தென்ற ரப்பரை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். 'நாற்பது' போனது, 'பம்பரம்' போனது, 'வணக்கம்' போனது. கை ஆடவில்லை.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குமாஸ்தா மூன்றாவது பிள்ளைக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தான்.

"அடேயப்பா, எழுதின தடமே தெரியலையே! நல்ல கைம்மா உங்களுக்கு" என்றார் டாக்டர்.

அவள் கையை ஒருவர் நேருக்கு நேர் புகழ்ந்தது அன்றுதான்.