மகளுக்கு ஒன்பது பாயிண்ட்

என் மாமாவிடம் நான் சொன்ன மிகப் பெரிய பொய், புத்தகப் பக்கங்களை அமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரைப் பற்றியது. அதற்காக இன்றுவரை ஒரு நிமிடம்கூட நான் வருத்தப்பட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கீழே செருப்புக்கடை, மாடியில் நாங்கள். கல்யாணக் கார்டு, சபை ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் வரும். இந்தத் தொழிலில் ஆட்கள் வேலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு நம் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். "இத்திரி மேல ஏத்து, இன்னும் இத்திரி" என்று மானிட்டரில் விரலை வைத்துத் தேய்ப்பார்கள். சாயங்காலம் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலைதான்.

அப்படி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர்தான் மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். நிலம் அளக்கும் சர்வே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு தடித்த ஃபைல். அதில் அவர்கள் குடும்பத்தின் வரலாறு இருந்தது.

எங்கள் பக்கத்தில் கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது ஒரு ஆசை. முதலில் ஞானஸ்நானம் எடுத்த மூதாதை யார் என்று கண்டுபிடிப்பார்கள். அவரிலிருந்து இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வரை வரிசையாகப் புத்தகம் போட்டு, குடும்பக் கூடுகையில் வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். மாமா சும்மா வரிசைப்படுத்தவில்லை. நிலத்துக்கு உட்பிரிவு எண் கொடுப்பதுபோல மனிதர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர் 5/3/1, அதாவது ஐந்தாம் கிளையில் மூன்றாம் வீட்டின் முதல் பிள்ளை. என் அம்மா 5/3/6.

அம்மா தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் மீன் பிடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். கட்டியவர் என் அப்பா. அதன்பிறகு அவள் வீட்டார் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமா என்னை மார்த்தாண்டத்தில் பார்த்தால் "சொகமா இருக்கியா மக்களே" என்று கேட்பார், பதில் வருவதற்குள் சாலையைக் கடந்திருப்பார். புத்தக வேலை என்னிடம் வந்தது பாசத்தால் அல்ல. எங்கள் முதலாளியும் அவரும் ஒரே சபை, அவ்வளவுதான்.

ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, கறுப்பாக்கி, உள்ளே தள்ளி வைத்தால் என் ஆயுள் போதாது. அதற்குத்தான் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது. "மகன்" என்று ஒரு ஸ்டைல் உண்டாக்கி, அதற்கு எழுத்து இது, அளவு இது, ஓரத்திலிருந்து இவ்வளவு தள்ளி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அந்தப் பெயர் கொடுத்த வரியெல்லாம் அப்படியே மாறும். பிறகு மனம் மாறினாலும் ஒரே இடத்தில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறிவிடும்.

மாமா அளவு சொன்னார். "மகனுக்குப் பன்னிரண்டு பாயிண்ட், நல்லா கறுப்பா. மகளுக்கு ஒம்பது போதும். சாய்ச்சுப் போடு."

போட்டேன். ஸ்டைல் உண்டாக்கும்போது அதில் ஒரு கட்டம் வரும். இந்த வரி முடிந்து என்டர் தட்டினால் அடுத்த வரி எந்த ஸ்டைலில் வர வேண்டும் என்று கேட்கும். மகன் என்றால் அவன் மனைவி, பிறகு பிள்ளைகள். மகளுக்கு?

"இவளுக்கப் பொறவு என்ன வரும் மாமா?"

"இவளுக்கப் பொறவு ஒண்ணும் வராது. கெட்டிக் குடுத்தாச்சில்லியா. இவளுக்க பிள்ளைய அந்தக் குடும்பத்துக்க ஆளுவ. நீ அடுத்த ஆம்பிளைக்குப் போ."

அந்த ஒன்றும் இல்லாததில் ஒருத்திதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அது அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்குக் காது வரை சுட்டது. ஆனாலும் அவர் சொன்னபடிதான் செய்தேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னால், "அது அவங்களுக்க புத்தகம். நீ உனக்க வேலையைப் பாரு" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

பாதிப் புத்தகம் முடிந்த நேரத்தில் மாமா ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டார். திரையில் ஒரு பெயரைத் தொட்டார். அவருடைய ஒரே மகள், மஸ்கட்டில் டாக்டர். ஒன்பது பாயிண்டில் சாய்ந்து கிடந்தாள்.

"இதை மட்டும் பெருசாக்கு மக்களே. டாக்டராக்கும் அவ. கீழ மருமகனையும் ரெண்டு பேரப் பிள்ளையளையும் சேத்துக்கோ."

செய்ய முடியும். ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினால், ஸ்டைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி தோன்றும். அதைத் தவிர வேறு ஒரு சேதமும் இல்லை. மூன்று நொடி வேலை.

"அப்பிடி வராது மாமா" என்றேன்.

"ஏன் வராது?"

"இதுல எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒருத்திக்கு மட்டும் தனியா மாத்த முடியாது. இஞ்ச பாருங்க." மகள் ஸ்டைலைத் திறந்து ஒன்பதைப் பன்னிரண்டாக்கினேன், சாய்வை எடுத்தேன், கறுப்பாக்கினேன். பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினேன். ஐந்து தலைமுறைப் பெண்களும் எழுந்து நின்றார்கள். பார்க்க எனக்கே உடம்பு சிலிர்த்தது. "ஒருத்தியைத் தொட்டா எல்லாரும் எந்திரிப்பாங்க. உக்காந்தா எல்லாரும் உக்காருவாங்க." திரும்ப ஒன்பதாக்கினேன்.

மாமா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஈய எழுத்துக் காலத்து ஆள், மவுஸைத் தொட்டதில்லை. "அதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் வெட்டப் போய்விட்டார்.

வேறு யாராவது என்றால் சண்டை போட்டிருப்பார்கள். வாழ்க்கை முழுக்க விதிப்படி சங்கிலி பிடித்து அளந்த மனிதர் என்பதால் மாமா நம்பினார். ஒரு சட்டம் என்றால் அவருக்கு மரியாதை. அது பெண்களைச் சின்னதாக்கும் சட்டமாக இருந்தாலும் சரி, பெரிதாக்குவதாக இருந்தாலும் சரி. இரண்டு நாள் கழித்து வந்து, "செரி, எல்லாத்தையும் எழுப்பி விடு" என்றார். தன் மகளைப் படுக்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

எழுந்து நின்றால் போதுமா, பின்னால் பிள்ளைகள் வர வேண்டாமா? பேரப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான் என்று மாமாவிடம் சொல்லி, நானே ஒரு ஃபாரம் அடித்துக் கொடுத்தேன். பெயர், படிப்பு, தொழில், கணவர், கணவருடைய ஊர், தொழில், பிள்ளைகள். மாமா ஸ்கூட்டரில் அஞ்சுகிராமம் வரைக்கும் போனார், தோவாளைக்குப் போனார், வெளிநாட்டில் உள்ளவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். திரும்பி வந்த ஃபாரங்களைப் பார்த்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று பின்பக்கம் எழுதியிருந்தார்கள். எழுபது தாண்டிய ஒருவர் தையல் டீச்சர் டிரெயினிங் முடித்த சான்றிதழின் நகலையே குத்தி அனுப்பியிருந்தார், யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. இத்தனை வருஷமும் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த கையெழுத்துகள் அவை. நான் ஒரு வார்த்தை விடாமல் அடித்தேன். புத்தகம் ஒன்றரை மடங்காக வீங்கியது.

அந்த ஃபாரக் கட்டுக்குள் 5/3/6-க்கு, என் அம்மாவுக்கு, ஃபாரம் இல்லை. ஒரு துண்டுத்தாள் மட்டும் இருந்தது. மாமாவின் பச்சை மை, ரூல் போட்டதுபோல நேரான எழுத்து: "சந்ததி விவரம் கிடைக்கவில்லை."

அந்தத் துண்டை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. மஸ்கட்டுக்குத் தபால் போயிருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து பஸ் இருக்கிறது. அதுவும் வேண்டாம், ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினால் சந்ததி அங்கேயே இருக்கிறது. அழுகை வந்தது. அழுதால் அவருக்குச் சௌகரியமாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு அம்மாவின் எண்ணுக்குக் கீழே நானே அடித்தேன். அப்பாவின் பெயர். ஊர், தேங்காய்ப்பட்டணம். தொழில், கடல்தொழில். பிறகு தம்பியும் நானும், எங்கள் படிப்போடு.

மறுநாள் மாமா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்ததும் பேனாவை மூடினார்.

"இது நான் தந்ததில்லியே."

"விவரம் கெடைக்கல்லண்ணு எழுதியிருந்திய. கெடச்சிட்டு, போட்டேன்."

"உனக்க அம்மை ஒண்ணும் தரல்லியே மக்களே."

"கேட்டியளா?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "நீ கெட்டிப் போவ வேண்டிய பிள்ளை. நாலு பேரு வாசிக்கிற புத்தகமாக்கும். உனக்க நல்லதுக்குத்தான் பறையுதேன். பேரெல்லாம் கெடக்கட்டும். தொழிலை மட்டும் மாத்து. வியாபாரம்ணு போடு."

அப்பா வலையோடு கரையேறும்போது கைகள் எப்படி இருக்கும் என்று இந்த மனிதர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கைகள்தான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தன.

"மாத்த முடியாதா? இதுவும் சட்டமா?" என்றார்.

இன்னொரு பொய் நாக்கு நுனிக்கு வந்தது. அவர் நம்பவும் செய்வார். ஆனால் அப்பாவுக்காகப் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

"மாத்த முடியும் மாமா. அண்ணைக்கு உங்க மகளுக்கு மட்டும் மாத்தவும் முடியும். முடியாதுண்ணு நான் பொய் சொன்னேன். இதை மாத்த முடியும், ஆனா நான் மாத்த மாட்டேன். வேணும்ணா ஃபைலை சிடியில போட்டுத் தாறேன், வேற எடத்துல குடுத்து மாத்திக்கோங்க."

முதலாளி கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மாமாவின் காது மடல் சிவந்திருந்தது. ஃபைலைக் கையில் எடுத்தார், எழுந்தார், படிக்கட்டு வரை போனார். அவர் நினைத்திருந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு நாளில் எல்லாப் பெண்களையும் திரும்பப் படுக்க வைத்திருக்கலாம். ஆனால் எத்தனை வீட்டு வாசலில் நின்று அவரே தன் வாயால் விவரம் கேட்டிருந்தார்! அந்த வீடுகளுக்கு அவர் இனி என்ன சொல்வார்?

திரும்பி வந்து ஃபைலை என் மேசையில் வைத்தார். "அடுத்த பக்கம் எடு" என்றார். அவர் பிறகு ஸ்டூலில் உட்காரவே இல்லை, நின்றபடியே பார்த்து முடித்தார்.

புத்தகம் அச்சாகி வந்த நாள் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு போனேன். அப்பா கரைக்குப் போயிருந்தார். அம்மா கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். அவள் பக்கத்தை நானே திறந்து கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவிடம் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வரி வரியாக விரல் வைத்து வாசித்தாள்.

"உங்கப்பாவுக்குத் தொழில் போட்டிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் படிப்புப் போட்டிருக்கு" என்றாள். "எனக்க படிப்பு எங்க?"

நான் குனிந்து பார்த்தேன். 5/3/6, அம்மாவின் பெயர், பன்னிரண்டு பாயிண்ட், நல்ல கறுப்பு. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மற்ற பெண்கள் எல்லாருக்கும் இருந்தது. நான்தான் அடித்தேன். அம்மா என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் ஃபாரம் நிரப்ப ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கும் வரவில்லை.

"நீ எதுவரைம்மா படிச்ச?"

"எஸ்எஸ்எல்சி. மூத்த அண்ணன் ரெண்டு தடவை எழுதிப் பாஸ் ஆச்சு. நான் ஒரே தடவை."

என் பையைத் திறந்து பேனாவை அவளே எடுத்தாள். தரையில் புத்தகத்தை விரித்து வைத்து, தன் பெயருக்குப் பக்கத்தில், 5/3/1 கிடந்த இடம் வரைக்கும் மேலே ஏறிப்போகும் அளவுக்குப் பெரிதாக எழுதினாள். புத்தகத்தை மூட நான் கையை நீட்டினேன்.

"தொடாத. மை காயட்டும்" என்றாள்.