குதிரைத்திறனும் மேரேயின் கட்டைவிரலும்

சூடேறிய பிளாஸ்டிக்கின்மேல் ஈரத்துணியைப் போட்டால் ஒரு வாசனை எழும். பாதி இஸ்திரி போடுகிற வாசனை, பாதி ஏதோ கருகப்போகிறது என்கிற வாசனை. என் பத்து வயது எனக்கு அந்த வாசனையோடுதான் நினைவிருக்கிறது. பெரியப்பா வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்குக் கீழே, ஒரு சாம்பல்நிற வீடியோ விளையாட்டுப் பெட்டி இருந்தது. சிட்னியில் இருந்த பெரியம்மாவின் தம்பி, தன் பிள்ளைகள் ஆடிச் சலித்ததும் அனுப்பிவைத்தது. அதை நேராக வைத்தால் உள்ளே குறுந்தட்டு சுற்றாது, தலைகீழாகக் கவிழ்த்தால்தான் படம் வரும். கவிழ்த்தாலோ சூடு ஏறிவிடும். அதனால் பெரியப்பா மகன் சுந்தர் அண்ணன் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் போடுவான். பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, அந்தப் "பொட்டி" ஒருநாள் வெடித்து வீட்டையே தூக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு, வெடிப்பதற்குள் ரொட்டி தின்ன வரும்படி எங்களைக் கூப்பிடுவாள்.

ஃபிஜியில், நவுசோரி ஊருக்குச் சற்று மேலே, ரேவா ஆற்றங்கரையில், எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. இரண்டாயிரமாவது ஆண்டு அது. தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரோடு மற்றவர்களையும் பிடித்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. யார் யார் வெளிநாட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். நாடே கதிகலங்கி நிற்க, எனக்குக் கேட்பாரற்ற விடுமுறை.

வேலிக்கு அந்தப்பக்கம் மேரே வீடு. அவர்கள் பூர்வகுடி ஃபிஜியர்கள், மேரேக்கு என் வயது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போல நாங்களும் ஃபிஜி இந்தியில்தான் பேசிக்கொள்வோம். தமிழ் பெரியவர்களுடைய சொத்து, சாமி கும்பிடவும் எங்களைத் திட்டவும் மட்டும் அதை வெளியே எடுப்பார்கள். நான் அதை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது கடல் தாண்டிய பிறகுதான். ஆகவே இங்கே மேரே பேசுவதெல்லாம் என் தமிழ்.

சுந்தர் அண்ணனிடம் இருந்தது கார் ஆட்டம். ஆனால் அதில் முதலில் வருகிறவன் ஜெயிப்பதில்லை. வளைவில் வண்டியின் பின்புறத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, மூக்கு ஒரு பக்கம் பார்க்க வண்டி இன்னொரு பக்கம் போக, சுவரில் இடிக்காமல் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு சாய்ந்து எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு புள்ளி; சுவரை லேசாக உரசினாலும் அந்தச் சறுக்கலில் சேர்ந்ததெல்லாம் போச்சு. அண்ணன் அதை "டிரிஃப்ட்" என்பான், பெரியம்மா "வழுக்கல் ஆட்டம்" என்பாள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆட்டம் ஒரு குட்டி வெள்ளை வண்டியைக் கொடுக்கும். ஆடி ஆடி ஜெயித்தால்தான் மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கடைசியில் திறக்கிற சிவப்பு வண்டிக்கு அந்த வெள்ளையைப் போலப் பல மடங்கு குதிரைத்திறன். அண்ணன் ஒரு வருடம் பாடப்புத்தகத்தைத் தொடாமல் உழைத்து அதைத் திறந்திருந்தான்.

நான் சிவப்புக் கட்சி. அது என் ரத்தத்தில் இருந்தது. அப்பா ஆற்றிலிருந்து சரளைக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டினார். உலகத்தில் எந்தக் காரியமானாலும் அதற்கு "தாகத்" வேண்டும் என்பது அவர் கொள்கை. தாகத் என்றால் பலம், திறன், மாட்டுக்கும் மனுஷனுக்கும் இன்ஜினுக்கும் பொதுவான ஒன்று. பெரியப்பாவோ நோஞ்சான் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, சேற்றில் அப்பாவின் லாரி சிக்கிய இடத்தையெல்லாம் தாண்டிப்போனவர். சாயங்காலம் மரக்கிண்ணத்தில் "நங்கோனா" என்கிற கிழங்குவேர்த் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு, மேரேயின் அப்பாவையும் கூட்டி வைத்து, இன்ஜினா கையா என்று அண்ணன் தம்பி இருவரும் வாதிடுவார்கள். நாட்டில் யார் ஆட்சி என்பதைப் பற்றிப் பேசினால் மனம் கசந்துபோகும் என்பதற்காகவே இதைப் பேசினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நங்கோனா குடித்தால் நாக்கு மரத்துவிடும். அதனால் வாதம் வரவர மெதுவாகி, முடிவு சொல்லாமலே படுக்கப் போய்விடுவார்கள்.

மேரே வெள்ளை வண்டியை விட்டு நகர மாட்டாள். அவள் மூங்கில் தெப்பத்தில் "டாலோ" கிழங்கு ஏற்றி, அண்ணன்மாரோடு ஆற்றில் நவுசோரி சந்தைக்குப் போகிறவள். வளைவு வந்த பிறகு திருப்பினால் தெப்பம் கரையில் போய்க் குத்தும், வருவதற்கு முன்பே மூக்கைத் திருப்பிவிட்டு மீதியைத் தண்ணீரிடம் விட்டுவிட வேண்டும் என்பாள். திரையிலும் அதையேதான் செய்தாள். வளைவுக்கு வெகுதூரம் முன்பே கைபிரேக் பொத்தானை ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு திருப்பு, பிறகு வலது கட்டைவிரலால் எண்ணெய் தடவுகிற மாதிரி ஒரு மெல்லிய அழுத்தல். நான் சிவப்பு வண்டியின் பொத்தானை விரல் வெளுக்க அழுத்துவேன். பின்சக்கரங்கள் புகைவிடும், வண்டி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நிற்கும். புகை அதிகம் வந்தது என் வண்டியில்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு ஆஸ்திரேலிய விசா வந்தது. வீடு நாளொரு பக்கமாகக் காலியாகத் தொடங்கியது. கட்டில் ஒருவருக்கு, குளிர்பெட்டி ஒருவருக்கு, கோழிகள் எங்களுக்கு. பெரியம்மா அழுதுகொண்டே பொருள்களைக் கொடுப்பாள். அழுகிறபோது யாருக்கு எதைக் கொடுத்தாள் என்பது அவளுக்கு நினைவில் நிற்காது. விளையாட்டுப் பெட்டி எனக்கு என்று என் தலையைத் தடவிச் சொன்னாள். அதே பெட்டியை, கலவரக்காரர்கள் இந்தியர் கடைகளைச் சூறையாடிய நாட்களில் எங்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, தெரியாத முகங்களையெல்லாம் திருப்பி அனுப்பிய மேரேயின் அப்பாவிடம், உங்கள் பெண்ணுக்கு என்றும் சொல்லிவிட்டாள். ரெண்டும் நியாயம்தான். அவ்வளவு நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். அதுவரை என் வாழ்க்கையில் நான் அப்படி எதையும் ஆசைப்பட்டதில்லை.

சுந்தர் அண்ணன் தீர்ப்புச் சொன்னான்: ஆடுங்கள், அதிகப் புள்ளி வாங்குகிறவளுக்குப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போன நாங்களும் தேவாலயத்துக்குப் போன அவர்களும் திரும்பி வந்ததும், கட்டில் நாற்காலி எதுவும் மிச்சமில்லாத அந்த முன்னறையில் இரு வீட்டாரும் தரையில் உட்கார்ந்தோம். கலகக்காரர்கள் மலையில் மின்நிலையத்தை மறித்துவிட்டதால் மின்சாரம் முறைவைத்து வந்த காலம். எங்கள் முறை முடிவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். நான் சிவப்பை எடுத்தேன். அப்பா எனக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாத்துக்கும்மா பயப்படறே, மிதி," என்றார். "வுடாம மிதி."

மிதித்தேன். முதல் வளைவில் சறுக்கிய சறுக்கலில் புள்ளிகள் மளமளவென்று ஏறின, அப்பா தொடையைத் தட்டினார். ஏறிய வேகத்திலேயே சுவர் வந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. கடைசி வளைவில் வண்டி சுழன்று சுழன்று, பின்பக்கமாகவே எல்லைக்கோட்டைத் தாண்டியது. பிறகு மேரே வெள்ளை வண்டியில் ஏதோ சந்தைக்குப் போகிறவள் போலப் போனாள், சறுக்கினாள், அடுத்த வளைவு வரைக்கும் விடாமல் சறுக்கினாள், ஒரு சுவரையும் தொடவில்லை. இருவர் புள்ளிகளும் திரையில் வந்ததும் மின்சாரம் போய்விட்டது. தான் ஒன்றையும் பார்க்கவில்லை, ஆகவே முடிவு தெரியாது என்று அப்பா சாதித்தார். அறையில் இருந்த மற்ற எல்லோரும் பார்த்திருந்தார்கள். என் அம்மாவும்தான்.

மேரே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. தொலைக்காட்சி என்ன, மின்சாரக் கம்பியே அவர்கள் வீடு வரைக்கும் போகவில்லை. பெட்டியை ஒரு பூப்போட்ட துணிமேல், குடும்பப் படங்களுக்கு நடுவில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியும் மின்சாரமும் நானும் சும்மா இருந்தோம். நான் மூன்று வேளையும் சாப்பிடாமல் அழுதேன். கடைசியில் அம்மாதான் பொறுக்கமாட்டாமல் வழி சொன்னாள்:

"அவங்க மொறைலயே கேளேன். கெரெகெரென்னு போய் நில்லு."

கெரெகெரெ என்பது ஃபிஜியர்களிடம் இருக்கிற வழக்கம். உறவுக்காரரோ அப்படிப் பழகியவரோ நேரில் வந்து, வேண்டும் என்று அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வது மரியாதையில்லை. எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லுக்குப் பயந்து நல்ல மண்வெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பார்கள். கேட்கிற பக்கத்தில் நாங்கள் போய் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. நான் போய் நின்றேன். மேரே பெட்டியைத் துணியோடு எடுத்துக் கொடுத்தாள்.

இவ்வளவு சுலபமா என்று நானும் அப்பாவும் பூரித்துப்போனோம். மறுநாள் காலை மேரே எங்கள் வாசலில் வந்து நின்று, அதே சொல்லைச் சொன்னாள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்படியே அந்தப் பெட்டி வேலியைத் தாண்டிப் போவதும் வருவதுமாக ரெண்டு வருடம் ஓடியது. அது எங்கள் வீட்டில் இருக்கிற நாட்களில் மேரேயும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். நாங்கள் ஆடுவோம், அவள் ஜெயிப்பாள். ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை. வண்டியை மாற்றிப் பார் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் நான் சிவப்பை விடவில்லை.

பிறகு எங்களுக்கும் விசா வந்தது. நாங்கள் கிளம்புகிற வாரம் பெட்டி மேரே வீட்டில் இருந்தது. சிட்னியிலிருந்து வந்தது சிட்னிக்கே போவதில் தப்பில்லை, போய்க் கேள் என்றார் அப்பா. கேட்டால் கொடுப்பாள் என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்க அவளுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை என்பதும் தெரியும். என்றாலும் எனக்கு ஆசை. போய்க் கேட்டேன். மேரே பெட்டியை எடுத்துக் கொடுத்தாள், ஒயர்களையும் சுருட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இடத்தை விட்டு நகராமலே, இப்போது நான் கேட்கிறேன் என்றாள்.

பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன அட்டை செருகியிருக்கும். தீப்பெட்டி அளவுதான், ஆடியவர்கள் வாங்கிய புள்ளிகளும் திறந்த வண்டிகளும் அதில்தான் பதிந்திருக்கும்.

"கெரெகெரெ," என்றாள். "அது மட்டும்."

மின்சாரமே இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். பெரிய பெட்டி என்னிடம், துணுக்கு அட்டை அவளிடம். வாழ்க்கையில் முதல்முறையாக மேரேயை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

சிட்னியில் புது வீட்டில் பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் போட்டபோதுதான் விளங்கியது. ஆட்டம் என்னைப் புதிதாக வந்தவள் என்று வரவேற்று, குட்டி வெள்ளை வண்டியைக் கொடுத்தது. கஷ்டப்பட்டு இன்னொரு வண்டியைத் திறந்தாலும், நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் மறுபடி வெள்ளைதான். மொத்தக் குதிரைத்திறனையும் மேரே ரேவா ஆற்றங்கரையிலேயே பிடித்து வைத்துக்கொண்டாள். அப்பா வந்து பார்த்து, அது மோசடி என்றார். பள்ளியில் ஒருவரும் என்னோடு பேசாத அந்த முதல் வருடம் முழுக்க, எனக்கு இருந்தது அந்த வெள்ளை வண்டி மட்டுமே. மிதித்துப் பயனில்லை. வளைவுக்கு முன்பே மூக்கைத் திருப்பினேன், கட்டைவிரலை மெல்ல வைத்தேன். ஒருநாள் மூன்று வளைவுகளைச் சுவர் தொடாமல் சேர்த்துச் சறுக்கிவிட்டு, காட்டுவதற்கு ஆளில்லாமல் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் ஊரை விட்டு வந்ததற்காக அழுதேன்.

இப்போது பெட்டி இல்லை, ஒரு கோடையில் துணி காய்ந்துபோய் உருகிவிட்டது. அப்பா இல்லை. பெரியப்பா வீடு இருந்த இடத்தில் டயர் கடை. வேலியோரம் நங்கோனா குடித்தவர்களின் பிள்ளைகள் நாலு நாடுகளில் இருக்கிறோம். மேரே நவுசோரிக்கும் சுவாவுக்கும் இடையில் பேருந்து ஓட்டுகிறாள். பயணிகளை ஆண்டவன் காப்பாற்றட்டும். அவளுடைய எண் கிடைத்து, போன மாதம் தொலைபேசியில் பேசினேன். எனக்கு இந்தி பாதி மறந்துபோயிருந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, அந்த அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, குடும்பப் படங்களுக்கு நடுவில் என்றாள். அப்படியானால் கெரெகெரெ, எனக்கு அனுப்பிவை என்றேன்.

அவளுக்குப் பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல் கேட்டது.

"போன்ல கேட்டா ஆகாது," என்றாள் மேரே. "நேர்ல வந்து கேளு."